கைபேசியில் மைக்ரோஸ்கோப்: எந்த நோய் தெரியும், எது தெரியாது?

கைபேசியின் கேமராமீது சிறு லென்ஸ் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும், ஒரு துளி ரத்தத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்று காட்டும் காணொளிகள் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகின்றன. காரையாறு அணைக்கு அப்பாலுள்ள இஞ்சிக்குழி போன்ற காணி பழங்குடியினர் குடியிருப்புகளிலிருந்து ஒரு நோயாளி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும் என்பதை அறிந்த திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்களுக்கு, ஆய்வகத்தையே சட்டைப்பையில் போட்டு மலைக்குக் கொண்டுபோய்விடலாமே என்று தோன்றுவது இயல்புதான். அந்த எண்ணத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை அறிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கைபேசி எப்படி நுண்ணோக்கி ஆகிறது

கைபேசியைக் குப்புற வைத்து, பின்பக்கக் கேமராவின் கண்ணாடிமீது ஊசிமுனையால் ஒரு சிறு நீர்த்துளியை வைத்துப் பார்க்கலாம். கைபேசியைப் பதமாகத் திருப்பினால் துளி விழாமல் தொங்கும். அதன் கீழே சில மில்லிமீட்டர் தொலைவில் ஒரு புடவை நுனியைப் பிடித்தால், நூலிழைகள் கயிறுகளைப் போலத் திரையில் தெரியும். துளியின் வளைந்த பரப்பே லென்ஸாக வேலை செய்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், ஒற்றைச் சிறு லென்ஸைக் கொண்டே நுண்ணுயிர்களை முதன்முதலில் பார்த்தார். நீர்த்துளி செய்வதும் அதே வேலைதான்.

லென்ஸ் சிறிதாகச் சிறிதாகப் பெரிதாக்கம் கூடும். 3 மி.மீ விட்டமுள்ள கண்ணாடிக் குண்டு ஏறக்குறைய 110 மடங்கும், 1 மி.மீ குண்டு ஏறக்குறைய 330 மடங்கும் பெரிதாக்கும். ஆனால் குண்டு சிறிதாகும்போது, பொருளை லென்ஸுக்கு மிக அருகில், கை நடுங்காமல் நிறுத்த வேண்டியிருக்கும்; தெளிவாகத் தெரியும் பரப்பும் நடுவில் ஒரு பொட்டளவுக்குச் சுருங்கி, ஓரங்கள் கலங்கிப்போகும்.

இன்று புழக்கத்தில் உள்ள கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. ஒற்றை லென்ஸ் கருவிகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப் இதில் பெயர்பெற்றது. தாளை மடித்துச் செய்யும் இக்கருவியின் உதிரிப்பொருள்களின் விலை ஒரு டாலருக்கும் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டனர். பரவலாகக் கிடைக்கும் வடிவம் 140 மடங்கு பெரிதாக்கும்.

2. தலைகீழ் லென்ஸ். ஒரு கைபேசியின் கேமரா லென்ஸைக் கழற்றி, இன்னொரு கைபேசியின் கேமராமுன் தலைகீழாகப் பொருத்துவது. பெரிதாக்கம் குறைவு, ஆனால் ஓரம் வரை தெளிவாகத் தெரியும் பரப்பு அதிகம்.

3. முழு நுண்ணோக்கியோடு கைபேசியை இணைப்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேனியல் ஃபிளெட்சர் குழுவினர் 2009-இல் காட்டிய செல்ஸ்கோப் இந்த வகை. நோக்கியா என்73 கைபேசியின் 3.2 மெகாபிக்சல் கேமராவோடு உண்மையான நுண்ணோக்கி லென்ஸ்களைப் பொருத்தி, மலேரியா ஒட்டுண்ணியையும் அரிவாள் வடிவ ரத்த அணுக்களையும், ஒளிரும் சாயமேற்றிய காசநோய்க் கிருமிகளையும் அவர்கள் படம்பிடித்தனர்.

விற்பனைக்கு வரும் 'கிளிப்' லென்ஸ்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. நோய் கண்டறிவதற்குப் பயன்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகையையோ, இரண்டாம் வகையைத் திருத்தி அமைத்த வடிவத்தையோ சேர்ந்தவை. குழப்பத்தின் பாதி இங்கேயே தொடங்குகிறது.

பெரிதாக்கம் வேறு, பிரிதிறன் வேறு

பெரிதாக்கம் என்பது உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்பது. பிரிதிறன் என்பது அடுத்தடுத்து உள்ள இரு புள்ளிகளை இரண்டாகப் பார்க்க முடிகிற மிகச்சிறு இடைவெளி. மங்கலான ரேஷன் கார்டு நகலைப் பெரிதாக்கி அச்சிட்டாலும் எழுத்து தெளிவாவதில்லை. திரையில் இரு விரல் வைத்து விரிப்பதும் அத்தகையதே. கண்ணால் காணும் ஒளியைக் கொண்டு பார்க்கும் சாதாரண நுண்ணோக்கியின் எல்லை ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டர் என்பதற்கான கோட்பாட்டை 1873-இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்தார். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எல்லையை நெருங்கவே விலையுயர்ந்த லென்ஸும், மாதிரியைப் பூசிய கண்ணாடித் துண்டான ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடையில் ஒரு சொட்டு எண்ணெயும் தேவைப்படுகின்றன. ஃபோல்டுஸ்கோப்பின் பிரிதிறன் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். 2009-இன் செல்ஸ்கோப்புக்கு 1.2 மைக்ரோமீட்டர்.

இனி, பார்க்க வேண்டியவற்றின் அளவுகளை இதோடு ஒப்பிடலாம். யானைக்கால் நோயின் நுண்புழு கால் மில்லிமீட்டர் நீளமுள்ளது. கொக்கிப்புழுவின் முட்டை ஏறக்குறைய 60 மைக்ரோமீட்டர். ரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர்; அதற்குள் ஒளிந்திருக்கும் மலேரியா ஒட்டுண்ணியின் இளம்பருவ வளையம் அதில் ஒரு சிறு பங்குதான். காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரோமீட்டர் இருந்தாலும் தடிமன் அரை மைக்ரோமீட்டரைத் தாண்டாது. டெங்கு வைரஸோ 0.05 மைக்ரோமீட்டர்.

கடைசி எண்ணை இந்தப் பக்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டம், குறிப்பாகக் கடையநல்லூர்ப் பகுதி, டெங்குவால் பட்ட பாடு இன்னும் பலருக்கு நினைவில் உண்டு. ரத்தத் துளியைக் கைபேசியில் பார்த்து டெங்குவைச் சொல்வதாக எவரேனும் கூறினால், அது ஒளியின் இயல்புக்கே முரணானது. எவ்வளவு விலையுயர்ந்த ஆஸ்பத்திரி நுண்ணோக்கியிலும் அந்த வைரஸ் தெரியாது. டெங்குவுக்கான ரத்தப் பரிசோதனை வைரஸின் புரதத்தையோ அதற்கு எதிராக உடல் உருவாக்கும் பொருளையோ தேடும் முற்றிலும் வேறான முறை. மலையடிவாரக் கிராமங்களில் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலையும் நுண்ணோக்கியால் நடைமுறையில் கண்டறிவதில்லை.

ஸ்லைடில் இருக்கிறது வேலை

லென்ஸ் போதுமானதாகவே இருக்கட்டும். அதன்கீழ் வைக்கப்படும் ஸ்லைடு எங்கிருந்து வருகிறது என்பதை விளம்பரங்கள் காட்டுவதில்லை. காசநோய்க்கான சளிப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம்.

முதல் தடை சளியே. டப்பாவைக் கையில் வாங்கும் பலர் வாயிலுள்ள எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். "ஆச்சி, எச்சியத் துப்பாதீங்க, நெஞ்சுக்குள்ள இருந்து வாற சளிதான் வேணும்" என்று சொல்லி, மூச்சை ஆழமாக இழுத்து இருமக் கற்றுத்தரும் செவிலியரே இந்தப் பரிசோதனையின் முதல் கருவி. பிறகு, சளியில் கெட்டியான மஞ்சள் பகுதியைத் தேடி எடுத்து, ஏறக்குறைய 3 செ.மீ நீளம் 2 செ.மீ அகலத்துக்கு ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்து, உலர்த்தி, சூடுகாட்டிப் பதிக்க வேண்டும். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சுடர் காட்டி, ஐந்து நிமிடம் விட வேண்டும். கொதித்துவிடவும் கூடாது, காய்ந்துவிடவும் கூடாது. பின் 25 சதவீதக் கந்தக அமிலத்தால் நிறத்தைக் கழுவ வேண்டும். காசநோய்க் கிருமியின் மெழுகுபோன்ற உறை மட்டும் சிவப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். கடைசியாக மெத்திலீன் நீலத்தை ஊற்றினால், நீலப் பின்னணியில் சிவப்புக் கோடுகளாகக் கிருமிகள் தெரியும்.

அதன்பிறகு குறைந்தது 100 புலங்களைப் பார்க்க வேண்டும். புலம் என்பது ஒரே நேரத்தில் லென்ஸின்கீழ் தெரியும் வட்டம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கத்தில் அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 0.2 மி.மீ என்று கொண்டு கணக்கிட்டால், 100 புலங்கள் சேர்ந்தாலும் ஸ்லைடில் பூசிய பரப்பில் அரைச் சதவீதம்தான் தேறும். அந்த நூறில் ஒன்பது கிருமிகள் வரை தென்பட்டால் 'மிகக் குறைவு' என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். ஆக, ஒரேயொரு படம் எடுத்து அனுப்பி "சளியில் ஒன்றுமில்லை" என்று முடிவு வாங்குவது, தாமிரபரணியில் ஒரு செம்பு நீரை மொண்டு பார்த்துவிட்டு ஆற்றில் மீனில்லை என்பதைப் போன்றது.

அமிலம், சுடர், சாயம், கழுவ நீர், கழிவுச் சளியை அழிக்கும் ஏற்பாடு, பழகிய கை ஆகியவை எந்தக் கைபேசியோடும் வருவதில்லை. இவை எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால் லென்ஸ் ஒரு சிறு செலவுதான் என்பதே இந்தத் துறையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

கேமரூனில் ஏன் வெற்றி பெற்றது

அப்படியானால் இக்கருவிகள் வெறும் விளையாட்டுப் பொருள்கள்தாமா? இல்லை. மத்திய ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு முயற்சி, எந்தச் சூழலில் இவை ஈடிணையற்றவை என்பதைக் காட்டுகிறது.

ஆற்றுக்குருடு என்னும் புழுநோயை ஒழிக்க ஊருக்கே ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்பது வழக்கம். ஆனால் லோவா லோவா என்ற வேறொரு புழுவின் குஞ்சுகள் ஒருவர் ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தால், அதே மாத்திரை மூளையைப் பாதித்து உயிரையும் பறிக்கலாம். கேமரூனின் ஒகோலா பகுதியில் 1999-இல் மாத்திரை கொடுத்தபோது அத்தகைய கடும் பாதிப்புகளும் மரணங்களும் நேர்ந்து, திட்டம் நின்றுபோனது. ஆபத்து உள்ளவர்கள் நூற்றில் ஓரிருவர். ஆனால் அவர்கள் யார் என்று தெரியாததால் ஊருக்கே மருந்தில்லை.

ஃபிளெட்சர் குழுவினரும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தாரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய லோவாஸ்கோப், ஐஃபோனை ஒரு சிறு பெட்டிமேல் வைத்த கருவி. விரல்நுனி ரத்தத்தைத் தட்டையான மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து உள்ளே செருகினால், கைபேசி சில இடங்களைக் காணொளியாகப் பதிவு செய்யும். உயிருள்ள புழுக்குஞ்சுகள் நெளியும்போது சுற்றியுள்ள சிவப்பணுக்கள் தள்ளப்பட்டு அசையும். அந்த அசைவை மென்பொருள் எண்ணும். புழுவின் உருவத்தை அடையாளம் காண வேண்டியதே இல்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம். சாயம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், நூறு புலங்கள் வேண்டாம், கைபேசிக்கு சிக்னலும் வேண்டாம். சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

2015-இல் ஒகோலாவில் 16,259 பேரை இக்கருவியால் சோதித்தனர். புழுக்குஞ்சுகள் அதிகமிருந்த 340 பேர், அதாவது 2.1 சதவீதத்தினர், மட்டும் அந்தக் காரணத்துக்காக விலக்கப்பட்டனர். 15,522 பேருக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. கடும் பாதிப்பு ஒருவருக்கும் நேரவில்லை.

இந்த வெற்றியின் கூறுகளைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் கிடைக்கின்றன.

1. தேடும் பொருள் போதிய அளவு பெரியதா, அல்லது அசைவதா?
2. மாதிரி, சாயமும் நெருப்பும் இன்றி அப்படியே கண்ணாடிக்கு வருமா?
3. விடை அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே ஒரு முடிவை மாற்றுமா?

லோவா லோவா மூன்றுக்கும் ஆம் என்கிறது. (அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் ரத்தத்தில் உலவுபவை என்பதும் வசதியாயிற்று. நம் ஊர் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளியே வரும்; அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு பத்து மணிக்குமேல் கதவைத் தட்டி ரத்தம் எடுத்தார்கள். எவ்வளவு நல்ல கைபேசியானாலும் பகலில் வராத புழுவைப் பகலில் காட்டாது.)

பெம்பா தீவில் தெரியாமற்போன முட்டைகள்

2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஐசக் போகோச் குழுவினர் தான்சானியாவின் பெம்பா தீவில் ஐஃபோன்மேல் 3 மி.மீ கண்ணாடிக் குண்டை இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, சிறுவர்களின் மலமாதிரி ஸ்லைடுகளைப் பார்த்தனர். அதே ஸ்லைடுகளைச் சாதாரண நுண்ணோக்கியிலும் பார்த்து ஒப்பிட்டனர். நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழுவின் முட்டை இருந்தவர்களில் 81 சதவீதத்தினரைக் கைபேசி சரியாகக் கண்டது. கொக்கிப்புழுவில் அது 14.3 சதவீதம்.

இரண்டு முட்டைகளும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உருண்டைப்புழுவின் முட்டைக்குத் தடித்த, பழுப்பேறிய, முண்டுமுண்டான ஓடு. கொக்கிப்புழுவின் முட்டைக்கு மெல்லிய, நிறமற்ற ஓடு. ஸ்லைடைத் தெளிவாக்கச் சேர்க்கும் கிளிசரின், ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். நிறவேறுபாடு குறைந்தால் அளவு மட்டும் உதவாது. வெறுங்காலோடு தோட்ட மண்ணில் நிற்பவர்களுக்கு ரத்தசோகையைத் தருவது கொக்கிப்புழு என்பதால், கருவி எதில் தோற்றது என்பதே நமக்கு முக்கியம்.

அரிதான நோயும் தவறான 'பாசிட்டிவ்'வும்

உணர்திறன் என்பது நோயுள்ளவர்களில் எத்தனை பேரைக் கருவி பிடிக்கிறது என்ற விகிதம். இன்னொரு விகிதமும் உண்டு: நோயில்லாதவர்களில் எத்தனை பேரைக் கருவி சரியாக விட்டுவிடுகிறது என்பது. கணக்குக்காக, 1,000 பேர் உள்ள ஊரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகவும், கருவியின் உணர்திறன் 70 சதவீதம், விட்டுவிடும் திறன் 95 சதவீதம் என்றும் கொள்வோம். நோயுள்ள 10 பேரில் 7 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 50 பேர், தவறாகப் பிடிபடுவார்கள். 57 பேர் வீட்டில் கலக்கம். உண்மை நோயாளிகள் 7 பேர்தான். நோய் அரிதாக அரிதாக இந்த விகிதம் இன்னும் மோசமாகும். மலேரியா குறைந்துவிட்ட ஒரு மாவட்டத்தில் வீடுவீடாகக் கைபேசி நுண்ணோக்கியைக் கொண்டுபோவது ஏன் நல்ல யோசனையில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

திருநெல்வேலியில் எதற்கு உதவும்

காசநோய்க்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பிந்திவிட்டார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைகள் சளி ஸ்லைடைவிடப் பலமடங்கு நுட்பமானவை. ஸ்லைடில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். மரபணுப் பரிசோதனைக்குச் சில நூறு போதும். கோவா நிறுவனம் ஒன்றின் ட்ரூநாட் கருவி பேட்டரியிலும் இயங்கக்கூடியது; உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அதை ஏற்றது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமியா என்பதையும் அது சொல்லிவிடும்; நுண்ணோக்கியால் அது முடியாது. ஆனால் மருந்து தொடங்கியபின் நோய் குறைகிறதா என்று பார்க்க ஸ்லைடே வேண்டும், ஏனெனில் செத்த கிருமியின் மரபணுவும் பரிசோதனையில் தெரியும்.

உண்மையில் பொருந்தக்கூடிய இடம் வேறொன்று, அதிகம் பேசப்படாதது. தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் அறுக்கும் காலத்தில், களத்தில் தூற்றும்போது கண்ணில் படும் நெல் சுனையோ உமியோ கருவிழியைக் கீறிப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் பாக்டீரியாவும் வளரலாம், பூஞ்சையும் வளரலாம். தென் தமிழகத்தில் கிருமி வளர்த்து உறுதி செய்யப்பட்ட கருவிழிப் புண்களில் பூஞ்சையின் பங்கு ஏறக்குறைய சரிபாதி என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் 1997 ஆய்வு காட்டியது. இரண்டுக்கும் மருந்து வேறு. பூஞ்சைப் புண்ணுக்கு, கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டுமருந்தை விட்டால் கண்ணே போகலாம்.

புண்ணிலிருந்து சுரண்டியெடுத்த துளியோடு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்தால், திசு கரைந்து பூஞ்சையிழைகள் கிளைவிட்ட நூல்களாகத் தெரியும். சாயம் வேண்டாம், நெருப்பு வேண்டாம். நானூறு மடங்கு பெரிதாக்கம் போதும். விடை சில நிமிடங்களில் மருந்துச் சீட்டை மாற்றும். மூன்று கேள்விகளும் தேறுகின்றன. ஆனால் கருவிழியைச் சுரண்டுவது பயிற்சி பெற்ற கண் மருத்துவர் மட்டுமே செய்யத்தக்க வேலை. எனவே கருவியின் இடம் வட்டார ஆஸ்பத்திரியின் கண் பிரிவு. வீட்டுத் திண்ணையில் அதற்கு வேலையில்லை. படர்தாமரைத் தோல் செதிலுக்கும் இதே கரைசல் பொருந்தும். அங்கே சுரண்டுவதில் ஆபத்தும் இல்லை.

இதைவிட எளிய வழியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நுண்ணோக்கியும் ஆய்வக நுட்புநரும் ஏற்கெனவே இருக்கும் இடங்களில், புதுக் கருவி எதற்கு? நுண்ணோக்கியின் கண்வில்லைமேல் கைபேசியை அசையாமல் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருந்தால், நுட்புநர் சந்தேகப்படும் புலத்தை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்கு அனுப்பி இரண்டாம் கருத்துக் கேட்கலாம். விளம்பரத்துக்கு உதவாத இந்த ஏற்பாடுதான், என் மதிப்பீட்டில், கொடுக்கும் காசுக்கு அதிகப் பயன் தருவது.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

1. அளவு. ஒரு படம் 4 மெகாபைட் என்றால் நூறு புலங்களுக்கு 400 மெகாபைட். நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள மலையடிவார இணைப்பில் அதை அனுப்ப ஏறக்குறைய 53 நிமிடம் ஆகும். கைபேசியிலேயே கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும் முறை இதனால்தான் விரும்பப்படுகிறது.

2. சுருக்கம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். முதலில் அழிவது மெல்லிய கோடுகள். காசநோய்க் கிருமியே ஒரு மெல்லிய கோடுதான். ஆவணமாக இணைத்து அனுப்பினால் படம் அப்படியே போகும்.

3. சட்டம். 2020 ஏப்ரல் முதல் நோயறியும் கருவிகளும் அவற்றின் மென்பொருளும் மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம். அது தானே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. செயலி 'பாசிட்டிவ்' என்றதும் மருந்துக் கடைக்குப் போவதற்கு அங்கே இடமில்லை.

4. அடையாளம். படத்தில் நோயாளியின் பெயர், ஊர் இருக்கக் கூடாது. ஸ்லைடில் கீறிய ஆய்வக எண் மட்டும் தெரிந்தால் போதும். காசநோய் என்ற சொல் ஒரு வீட்டுக் கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடக்கூடிய ஊர்களில், குழுவில் தவறிப் போட்ட ஒரு படத்தைத் திரும்பப் பெற முடியாது.

5. ஸ்லைடைத் தூக்கிப் போடக் கூடாது. கைபேசி ஒரு நேரத்தில் ஒரே ஆழத்தைத்தான் படம்பிடிக்கும். நுண்ணோக்கியின் திருகை மேலும் கீழும் நகர்த்தும் கண் பல ஆழங்களைப் பார்க்கும். பாளையங்கோட்டையில் படத்தைப் பார்ப்பவருக்கு ஐயம் வந்தால் அவர் கேட்கப்போவது ஸ்லைடைத்தான். அது எண்ணோடு பெட்டியில் இருந்தாக வேண்டும்.